வெளியில் கிடக்கும் மரமேசைக்கு எந்த பிளாஸ்டிக் உறை தாங்கும்?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்திலேயே எங்கள் டிபன் கடை. வேப்பமரத்தடியில் பெஞ்சோடு சேர்ந்த மரமேசை நாலு கிடக்கிறது. ஒவ்வொன்றும் 6 அடி நீளம். ஐப்பசி மழைக்குள் நல்ல உறை போட்டாக வேண்டும்.

போன வருஷம் மெல்லிசான, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். வெயிலில் மஞ்சளாகி மடிப்பில் விரிசல் விட்டுவிட்டது. இரும்பு கிளிப் உப்புக்காற்றில் துருப்பிடித்து மரமெல்லாம் கறை. செங்கல் வைத்தாலும் கடல்காற்று அடியில் புகுந்து தூக்குகிறது. இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கிறது, அதுதான் பெரிய வேதனை. அப்பா தன் கையால் இழைத்த மேசைகள்.

பகலில் ஓரத்தில் எலாஸ்டிக் தைத்த உறை, ராத்திரியில் வளையம் அடித்த தார்ப்பாயை நைலான் கயிற்றால் மேசைக்காலோடு கட்டுவது என்று யோசித்திருக்கிறேன். தார்ப்பாய்க்கு 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) போதுமா? காற்றோட்டத்துக்கு நடுவில் எதையாவது முட்டுக்கொடுத்து உயர்த்தலாமா? (2024 ஃபெஞ்சல் மாதிரி புயல் வந்தால் மேசையையே உள்ளே தூக்கிவிடுவோம், கேட்பது அன்றாடக் காற்றுக்கு.)

கடலூரிலோ பாண்டியிலோ அளவெடுத்துத் தைத்துத் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.