மழைத்தண்ணி விஷயத்துல நகராட்சி, மாநகராட்சியோட மோதின அனுபவம் இருந்தா எழுதுங்க

கடைசிவீடு:
நாலு மாசமாச்சு, இன்னும் ஆறல, அதான் எழுதறேன். வீடு சென்னைக்கு மேற்கால புறநகர்ல, அப்பா 94ல கட்டினது. அப்ப வாசலுக்கு மூணு படி ஏறணும், இப்ப ரோட்டுலேருந்து ரெண்டு படி இறங்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், பழைய ரோட்ட சுரண்டாம மேல மேல போட்டாங்க. போன வருஷம் புது மழைநீர் வடிகால் கட்டினாங்க, அதோட சுவரு எங்க கேட்டுக்கு ஒரு அடி மேல நிக்குது, எங்க வீட்டுப் பக்கம் தண்ணி உள்ள போக ஒரு ஓட்டைகூட விடல. மழை வந்தா தெருத்தண்ணி மொத்தமும் கேட்டுக்குள்ள, அப்புறம் ஹாலுக்குள்ள. அரை எச்.பி. மோட்டார் வாங்கி வச்சு நீல ஹோஸ காம்பவுண்டு மேல போட்டு வெளிய இறைப்போம், அம்மாவுக்கு 78 வயசு, கட்டில்மேல கால தூக்கி வச்சிட்டு உக்காந்திருப்பாங்க.

மழை முடிஞ்சு ரெண்டு வாரத்துல நோட்டீஸ் வந்துச்சு. எங்க கட்டடத்து மழைத்தண்ணிய பொது ரோட்டுல விடறோமாம், மழைநீர் சேகரிப்பு இல்லையாம், பதினஞ்சு நாள்ல கட்டலன்னா குடிநீர் கனெக்‌ஷன துண்டிப்பாங்களாம். கூடவே ஒரு போட்டோ. என்ன போட்டோன்னு நினைக்கிறீங்க? அந்த நீல ஹோஸ். அவங்க ரோட்டுத் தண்ணிய நாங்க வெளிய இறைக்கறத படம் புடிச்சு எங்க தண்ணின்னு எழுதியிருக்காங்க.

எங்க வீட்டுல 2003லயே குழி வெட்டியாச்சு, சட்டம் வந்த வருஷமே அப்பா நின்னு வெட்டினாரு. இதெல்லாம் எழுதிக் குடுத்ததும் ஒரு நாள் உதவிப் பொறியாளர் நேர்ல வந்தாங்க, சின்னப் பொண்ணு, மரியாதையாத்தான் பேசினாங்க. நான் எங்க கொத்தனார் அண்ணன வரச்சொல்லி டியூப் லெவலோட ரெடியா நின்னேன், தண்ணி நிரப்பின நீள டியூபு அது, ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். டியூபோட ஒரு முனைய வடிகால் தரைமட்டத்துக்குப் புடிச்சிட்டு இன்னொரு முனைய ஹால் வரைக்கும் இழுத்துட்டு வந்தோம். தண்ணி ஆடி ஆடி நின்னுச்சு, ஹால் சுவத்துல, தரைக்கு நாலு விரக்கடை மேல. ஹால் தரைய விட வடிகாலோட தரையே ஒசரம். அண்ணன் பென்சில்ல கோடு போட்டாரு. அந்தம்மா குனிஞ்சு பாத்தாங்க. கட்டை விரலால அந்தக் கோட்ட ஒரு தடவ மெதுவா தடவினாங்க, முகம் மாறிப்போச்சு, அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, எனக்குத் தெரியும் அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு. அப்புறம் நிமிந்து, "சரி சார், குழி எங்க இருக்கு, காட்டுங்க"ன்னாங்க. அவ்ளோதான். கோட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ரிப்போர்ட்டுல குழியில சில்ட், அதாவது வண்டல் மண்ணு, இருக்குன்னு மட்டும் எழுதியிருக்கு.

அல்லிக்குளம்:
எங்களுக்கு வேற மாதிரி. ஏப்ரல் மாசம், ஒரு பொட்டு மழை கிடையாது, வடிகால்ல தண்ணி ஓடுது. மூடிய ஒரு பக்கம் தூக்கிப் பாத்தா சோப்பு நுரை, அந்த நாத்தம். எங்க ஏரியாவுல பாதாளச் சாக்கடை இன்னும் வரல, நாலஞ்சு வீட்டுக்காரங்க செப்டிக் டேங்க் ஓவர்ஃப்ளோவ ராத்திரியோட ராத்திரியா பைப் போட்டு மழைநீர் வடிகால்ல விட்டுட்டாங்க. அது நேரா ஏரிக்குப் போகுது. கழிவுநீர மழைநீர் வடிகால்ல விடக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆப்புல போட்டோவோட கம்ப்ளைண்ட் போட்டேன். மூணாம் நாள் குறை தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ், சரிபண்ணின ஆதாரம்னு ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுல ஒரு பச்சை கேட்டு, அதுக்கு முன்னாடி சுத்தமான வடிகால். எங்க தெருவுல இருக்கறது பதினாறு வீடு, பச்சை கேட்டே கிடையாது. ஒவ்வொரு வீடா நடந்துபோய்ப் பாத்தேன், மனசு கேக்காம அடுத்த தெருவும் போய்ப் பாத்தேன். இன்னிக்கும் எங்கயாவது பச்சை கேட்டு பாத்தா நின்னுடறேன்.

இதுல இன்னொண்ணு, கம்ப்ளைண்ட் குடுத்தது நான்தான்னு மூணாம் வீட்டுக்காரருக்கு மறுநாளே தெரிஞ்சிருக்கு. யாரு சொன்னாங்க?

ஓவர்சியர்67:
கடைசிவீடு சாருக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். டியூப் லெவல் கரெக்ட்டாத்தான் காட்டும், தண்ணி பொய் சொல்லாது, ஆனா ஆபீஸ்ல அது செல்லாது. லைசென்ஸ் சர்வேயர வச்சு லெவல் எடுத்து கையெழுத்து வாங்கியிருக்கணும். அந்தப் பொண்ணு மேல கோவப்படாதீங்க, எஸ்டிமேட் போட்டது யாரோ, லெவல் எடுத்தது யாரோ, பில் பாஸானது எப்பவோ, அது ரிப்போர்ட்டுல எழுதினா மொத்தமும் அது தலையில விழும்.

நான் ஒரு சின்ன ஊர்ல ஓவர்சியரா இருந்தேன். 2003ல அவசரச் சட்டம் வந்து ஆகஸ்ட் 31க்குள்ள எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு இருக்கணும்னு கெடு வச்சாங்க இல்லையா, அந்த ரெண்டு மாசம் தூக்கமில்ல. ஒரு வீட்டுல மாடியிலேருந்து வர பி.வி.சி. பைப்ப மண்ணுல சொருகி வச்சிருந்தாங்க, சுத்தி செங்கல் அடுக்கி சிமெண்ட் பூசி அழகா இருந்துச்சு. லேசா ஆட்டிப் பாத்தேன், பைப்பு கையோட வந்துடுச்சு. ஒரு சாண்தான் உள்ள இருந்துச்சு, கீழ குழியே இல்ல. அந்த வீட்டு அம்மா ஒண்ணும் பேசல, என் முகத்தையே பாத்துட்டு நின்னாங்க. பைப்ப திரும்ப சொருகிட்டு லிஸ்டுல டிக் போட்டேன். அன்னிக்கு இன்னும் அறுபது வீடு பாக்கணும். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பைப்போட கனம் கையிலயே இருக்கு.

இப்ப செய்ய வேண்டியத சொல்றேன், எல்லாரும் குறிச்சுக்குங்க. நோட்டீஸுக்கு வாயால பதில் சொல்லாதீங்க, கெடு தேதிக்குள்ள எழுதி, போய்ச் சேந்ததுக்கு ஆதாரம் கிடைக்கற மாதிரி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உங்க தெரு வடிகாலோட எஸ்டிமேட், லெவல் ஷீட் (மட்டம் எடுத்த கணக்கு), மெஷர்மென்ட் புக் (கட்டி முடிச்ச வேலைய அளந்து எழுதற புத்தகம்) நகல் கேளுங்க. "ஏன் இப்படிக் கட்டினீங்க"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா பதில் வராது, நகல் குடுன்னு கேட்டாத்தான் வரும். முப்பது நாள்ல வரலன்னா அடுத்த முப்பது நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேலதிகாரிக்கு முதல் அப்பீல். ரோடு ஒசரம் பத்திப் பேசினா 2021ல தலைமைச் செயலரா இருந்த இறையன்பு அனுப்பின கடிதத்த சொல்லுங்க, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், வீடெல்லாம் பள்ளமாகக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்து நம்பர் வாங்குங்க. அதுக்கும் அசையலன்னா நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கு, துப்புரவு, கழிவுநீர் மாதிரி பொதுச் சேவை கேஸெல்லாம் எடுப்பாங்க, கோர்ட் ஃபீஸ் கிடையாது.

குழி பத்தியும் சொல்லணும். மூணடி விட்டம், அஞ்சடி ஆழமாவது வேணும், அடியில பெரிய ஜல்லி, நடுவுல சின்ன ஜல்லி, மேல ஆத்து மணல். மேல் மணல வருஷா வருஷம் புரட்டாசியில வாரி வெளிய போட்டுட்டுப் புதுசு போடணும், யாரு செய்யறா சொல்லுங்க? களிமண் பூமின்னா இந்தக் குழி வேலைக்கு ஆகாது, நடுவுல போர் மாதிரி துளை போட்டு மணல் வர ஆழம் வரைக்கும் இறக்கணும். முதல் மழைத் தண்ணிய உள்ள விடாதீங்க, மாடித் தூசி மொத்தமும் அதுலதான் வரும்.

மாடிச்செடி:
மன்னிச்சுக்குங்க, எல்லாப் பழியும் ஆபீஸ் மேலயேவா? எங்க தெருவுல வடிகாலுக்கு தண்ணி போற ஓட்டை வரிசையா இருந்துச்சு. கார் ஏத்தறதுக்குன்னு வீட்டுக்கு வீடு சாய்தளம் கட்டி, கிரானைட் ஒட்டி, ஓட்டை எல்லாத்தையும் மூடினது யாரு? நாமதான். எங்க வீட்டுலயும்தான்.

மிக்ஜாம் புயல் அன்னிக்கு, 2023 டிசம்பர் 4, காலையில எதிர்வீட்டுல இடுப்பளவு தண்ணி. அவங்க வீட்டுல பிரசவமாகி பன்னெண்டு நாள் பொண்ணு. அந்த வீட்டுப் பையன் கடப்பாரைய எடுத்துட்டு எங்க சாய்தளத்துக்குத்தான் முதல்ல வந்தான், எங்களுதுதான் ஓட்டைக்கு நேர் மேல இருந்துச்சு. எங்க மாமனார் கேட்டுக்கிட்ட நின்னு, "தொட்டா தெரியும் சேதி"ன்னாரு. கொட்டற மழையில கடப்பாரையோட நின்ன அந்தப் பையன் முகம் இருக்கே. நான் மாடியிலேருந்து பாத்துட்டு இருந்தேன், "உடைக்கட்டும் மாமா"ன்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வரல. தண்ணி தானா இறங்க ரெண்டு நாளாச்சு. அப்புறம் நாங்களே ஆள வச்சு உடைச்சுட்டோம், அவங்க இன்னும் எங்களோட பேசறதில்ல.

அதனால கடைசிவீடு அண்ணா, உங்க வடிகால்ல நிஜமாவே ஓட்டை விடலையா, இல்ல அக்கம்பக்கத்துல யாராவது மூடிட்டாங்களான்னும் பாருங்க.

கடைசிவீடு:
பாத்தேன்மா. எங்க பக்கம் முப்பது மீட்டருக்கு மூடுனதும் இல்ல, விட்டதும் இல்ல, முழு கான்கிரீட் சுவரு. உங்க தெரு கதை உங்க தெருவுக்கு சரி.

ஓவர்சியர் சார், பெரியவர் நீங்க, குழியில மணல் மாத்தறதப் பத்திச் சொன்னீங்க. எங்கப்பா இருந்த வரைக்கும் புரட்டாசி தவறாம மாத்தினாரு. ஆயிரம் சதுர அடி மாடி எங்களுது, ஒரு சென்டிமீட்டர் மழைக்கு தொள்ளாயிரம் லிட்டர் சொச்சம் தண்ணி, அத்தனையும் குழி குடிச்சு கிணத்துல ஏறும். 2019ல சென்னையில லாரித் தண்ணிக்கு ஜனங்க குடத்தோட நின்னப்ப எங்க கிணத்துல தண்ணி இருந்துச்சு, தெருவுல பாதிப் பேரு வந்து எடுத்துட்டுப் போனாங்க. குழியில இப்ப இருக்கற சில்ட் எங்க மாடியிலேருந்து வந்தது இல்ல, ரோட்டுத் தண்ணி கொண்டு வந்து கொட்டினது. போன மழைக்கப்புறம் கிணத்துத் தண்ணியில எண்ணெய்ப் படலம், அம்மா வாளிய இறக்கி மோந்து பாத்துட்டு அப்படியே கொட்டிட்டாங்க, அன்னிலேருந்து கிணத்துப் பக்கமே போறதில்ல. சில்ட் இருக்குன்னு எழுதினாங்களே, எங்கேருந்து வந்துச்சுன்னு எழுத எவ்ளோ நேரமாகும்? அந்தப் பொண்ணு தலையில விழும்னு சொல்றீங்க, எங்க வீட்டுல விழுந்தது?

ஓவர்சியர்67:
நீங்க கேக்கறது நியாயம். ஆனா மெஷர்மென்ட் புக் நகல மறக்காம கேளுங்க.

தெக்கத்திக்காரன்:
ஊர் பேரு வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18ல தென்மாவட்டத்துல பெஞ்ச மழை தெரியும்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பெஞ்சுச்சு. எங்க ஊருலயும் அதே மழைதான். வெள்ளம் வடிஞ்சப்புறமும் எங்க தெருவுல பத்து நாளா தண்ணி நின்னுச்சு, போறதுக்கு வழியில்ல, வழியா இருந்த ஓடைய பிளாட் போட்டு எப்பவோ வித்தாச்சு. பதினோராம் நாள் ஜேசிபி கொண்டுவந்து கிழக்கால ரோட்ட வெட்டி விடலாம்னு அதிகாரிகளே சொன்னாவ. வெட்டினா தண்ணி கீழத்தெருவுக்குள்ள போவும். அங்க இருக்கறது எல்லாம் ஓட்டு வீடு, அவங்க தண்ணி ஏற்கெனவே வடிஞ்சு அன்னிக்குத்தான் பாய் துணி எல்லாம் காயப் போட்டிருந்தாவ.

ஜேசிபி பக்கெட்ட இறக்கப் போவுது, கீழத்தெருவுலேருந்து ஒரு ஆச்சி பிளாஸ்டிக் சேர் ஒண்ணத் தூக்கிட்டு வந்து வெட்டப் போற இடத்துல சரியா போட்டு உக்காந்துட்டாவ. சத்தம் போடல, ஒண்ணும் போடல. எங்க தெரு ஆளுவ எல்லாம் இந்தப் பக்கம் நிக்கோம், நானும்தான் நிக்கேன், "வெட்டுங்க வெட்டுங்க"ன்னு கத்தினதுல என் கொரலும் உண்டு. ஆச்சி என்னப் பாத்து, "ஏல, நீ எங்கிட்ட பால் வாங்குத பையன்தானல"ன்னு கேட்டாவ. பெறவு நான் வீட்டுக்கு வந்துட்டேன். வெட்டினாவளா இல்லையான்னா, வெட்டல, மோட்டார் வச்சு அஞ்சு நாள் இறைச்சாவ. முதல்லயே மோட்டார் வச்சிருக்கலாம்லா. இப்ப பால் வாங்கப் போறது எங்க வீட்டுல அவதான்.

அல்லிக்குளம்:
ஓவர்சியர் ஐயா, நீங்க சொன்ன மாதிரியே பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிட்டேன். சரிபண்ணினதா போட்ட அந்தப் போட்டோ எந்தத் தேதியில, எந்த இடத்துல எடுத்தது, எடுத்தவரு என்ன பதவியில இருக்காருன்னு கேட்டிருக்கேன். சரியா கேட்டிருக்கேனா?

ஓவர்சியர்67:
நல்லா கேட்டிருக்கீங்கம்மா. போஸ்டல் ரசீத பத்திரமா வைங்க.

புதுநகர்_குடியிருப்பு:
இங்க இப்பத்தான் சேந்தேன். எங்களுக்கும் நேத்து அதே நோட்டீஸ் வந்திருக்கு, கெடு இன்னும் ஒம்போது நாள். வீட்டுக்காரர் வெளிநாட்டுல, நானும் மாமியாரும்தான் இருக்கோம். எங்க வீட்டுல குழி இருக்கு, ஆனா அதுக்கு பேப்பர் எதுவும் இல்ல. கூட ஒரு போட்டோ வச்சிருக்காங்க, மாடிப் பைப்புலேருந்து தண்ணி ரோட்டுல கொட்டற மாதிரி. இப்ப நான் முதல்ல என்ன செய்யணும்?

கடைசிவீடு:
முதல்ல அந்தப் போட்டோவ நல்லா பாருங்கம்மா, அது உங்க வீட்டுப் பைப்பான்னு. கீழ தேதி இருந்தா அன்னிக்கு மழை பெஞ்சுச்சான்னும் பாருங்க. அப்புறம் குழி மூடியத் தொறந்து, மாடியில ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, அது குழிக்குள்ள விழறத போன்ல வீடியோ எடுங்க, அன்னிக்குப் பேப்பரையும் பக்கத்துல வச்சு எடுங்க. பதில் லெட்டர் எழுத வரலன்னா சொல்லுங்க, நான் அனுப்பினத இங்கயே போடறேன்.