ரைபோசோமும் ஆர்என்ஏ பாலிமரேஸும்: சார்ட் வரைய உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பாக்டீரியாவுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸும் (டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதி) ரைபோசோமும் (அந்த ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டும் அமைப்பு) எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு சார்ட் தயாரிக்கிறேன்.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் பாலிமரேஸ் வினாடிக்கு ஏறத்தாழ 45 எழுத்துகள் வீதம் எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) எழுதிக்கொண்டே போகிறது. எழுதி முடிக்கும்வரை ரைபோசோம் காத்திருப்பதில்லை. பின்னாலேயே வந்து மூன்று மூன்றாகப் படித்து, வினாடிக்குச் சுமார் 15 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. இரண்டின் வேகமும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! பாலிமரேஸ் தயங்கிப் பின்வாங்கப் பார்த்தால், ரைபோசோம் பின்னாலிருந்து முட்டி முன்னே தள்ளும். இரண்டையும் பிணைக்க நஸ்-ஜி என்ற புரதமும் உண்டு.

ஆனால் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவில் பாலிமரேஸ் ரைபோசோமை விட்டு வெகுதூரம் முன்னே ஓடிவிடுகிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியா என்றாலே ஒரே படத்தைப் போடுவது தப்பு என்பது என் கருத்து. அதனால் இரண்டையும் அருகருகே வரைய ஆசை.

மூலக்கூறு உயிரியல் படித்தவர்கள் யாராவது என் வரைவைப் பார்த்துத் திருத்தித் தர முடியுமா? முக்கியமாக, ஒரே எம்ஆர்என்ஏவில் வரிசையாக நிற்கும் ரைபோசோம்களில் முதலாவதை மட்டும் பாலிமரேஸோடு ஒட்டி வரைந்தால் சரியா? செல்லுக்குள் கிரையோ டோமோகிராபியில் (உறையவைத்த செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் முப்பரிமாணமாகப் படமெடுக்கும் முறை) எடுத்த, வகுப்பில் தடையின்றிக் காட்டக்கூடிய படங்கள் இருந்தாலும் இணைப்பைப் பகிருங்கள்.