மறு: ‘பாயிண்ட் கார்டு’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு சொல். வந்து குவிந்தவை பதினேழு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் என் கட்டுரைப் பத்திக்குள் வைத்துப் பார்த்தேன். தனியாக நின்றபோது அழகாக இருந்த பல சொற்கள், வாக்கியத்துக்குள் வந்ததும் தடுக்கி விழுந்தன. கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இழையில் சேர்ந்தவர்களுக்காக: நான் எழுத உட்கார்ந்தது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி. பள்ளி முடித்துக் கல்லூரி அணிக்கு வரப்போகும் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்துவார்கள். அதிலும் பாயிண்ட் கார்டுகளை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே கான்ஃபரன்ஸுக்குள் (தங்களுக்குள் போட்டி நடத்தும் கல்லூரிகளின் அமைப்பு) யார் முதல், யார் அடுத்தது என்று போடும் பட்டியலுக்குத் தனிக் கிராக்கி. நான் குடியிருக்கும் வட கரோலைனாவில் டியூக் பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகமும் ஏறக்குறைய பத்து மைல் இடைவெளியில் இருக்கின்றன. இந்தப் பட்டியல் வந்த வாரம் அலுவலகத்தில் இரண்டு கட்சி.

> ‘புள்ளிக்காவலர்’ என்று நேராகப் பெயர்த்துவிட்டால் என்ன?

ஆகாது. கூடைப்பந்தில் புள்ளி என்றால் கூடையில் போட்டு எடுப்பது. ‘புள்ளிக்காவலர்’ என்று படிப்பவர், எடுத்த புள்ளிகளைப் பூட்டி வைத்துக் காப்பவர் போலிருக்கிறது என்று நினைப்பார். இங்கே ‘பாயிண்ட்’ என்பது ஸ்கோர் இல்லை. தாக்குதல் தொடங்குகிற முனை, அதாவது மூன்று புள்ளி வளைவின் உச்சியில் அவர் பந்தோடு நிற்கும் இடம்.

‘கார்டு’ம் இப்போது வெறும் தோல்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஆசிரியர் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது வகுப்பில் 18 பேர், பக்கத்துக்கு ஒன்பது பேர். பின்னால் நின்று தங்கள் கூடையைக் காத்தவர்களுக்குக் கார்டு என்ற பெயர் பொருந்தியது. பிறகு அணி ஐந்து பேராகச் சுருங்கியது. பின்னால் நின்றவரே பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவராக மாறினார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அங்கேயே செத்துப்போன உவமையை நாம் ஏன் தோள் மாற்றிச் சுமக்க வேண்டும்?

அதைவிட, ‘காவலர்’ என்ற சொல் நம் ஊரில் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறது. ‘புதிய காவலர் ஆட்சேர்ப்பு: தரவரிசைப் பட்டியல் வெளியீடு’ என்று தலைப்புப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தங்கள் பதிவெண்ணைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

> முனையில் நிற்பவர் என்பதால் ‘முனைவர்’?

சொல்லாக்கம் சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுதப்போகும் டையஸ் ஜோன்ஸ் ஒரே ஆண்டில் கல்லூரியை விட்டு, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வுக்குப் போனவர். அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தால் இந்தக் குழுவில் உள்ள ஆய்வு மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இணையத்தில் ஏற்கனவே புழங்கும் ‘பந்துகையாளி பின்காவல்’ என்பதை ஒருவர் சுட்டினார். முற்பாதி எனக்குப் பிடிக்கும், செய்யும் வேலையைச் சொல்கிறது. பிற்பாதியில் அதே பழைய காவல். ‘வலவன்’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். சங்கப் பாட்டில் தேரை ஓட்டுபவன். படித்ததும் நானும் சொக்கிப்போனேன். ஆனால் பெண் ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க்கைப் பற்றி எழுதும்போது என்ன செய்வது? ‘வலவி’ என்றால் யாருக்குப் புரியும்? தவிர, ‘வல’ என்றதும் வலப்பக்கம் ஆடுபவர் என்றுதான் இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார்.

தேரோட்டி, படகோட்டி வரிசையில் ‘பந்தோட்டி’ என்பதுதான் இப்போதைக்கு என் தேர்வு. ஆண், பெண் இருவருக்கும் பொது, கேட்டவுடன் புரிகிறது. பந்தைத் தட்டிக்கொண்டு போகும் எல்லாருமே பந்தோட்டிதானே என்று கேட்பீர்கள். படகில் துடுப்புப் போடுபவர் பலர், படகோட்டி என்று ஒருவரைத்தான் சொல்கிறோம்.

அப்புறம் ‘கான்ஃபரன்ஸ்’. மாநாடு என்று போட்டால், ‘அட்லாண்டிக் கடற்கரை மாநாடு’ மீன்வளத் துறை நடத்துவது போல இருக்கிறது. பலர் ‘மண்டலம்’ என்றீர்கள். நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தென்மண்டலம் என்று சொல்லிப் பழகியதால் வந்தது. ஆனால் மண்டலம் நிலத்தோடு கட்டுப்பட்டது, இவர்கள் கட்டுப்படவில்லை. 1953-இல் தொடங்கிய அந்த அட்லாண்டிக் அமைப்பில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் உறுப்பினர்கள். இரண்டும் இருப்பது பசிபிக் கரையில்! ‘பிக் டென்’ அமைப்பில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள். ‘பேக் 12’ அமைப்பிலிருந்து அதே 2024-இல் பத்துப் பேர் ஒரே மூச்சில் வெளியேற, மிஞ்சியது இரண்டு. எல்லாம் தொலைக்காட்சிப் பணம்.

ஒரே கொடியின் கீழ் சேர்வது, பங்கு கேட்பது, கூடுதலாகக் கொடுப்பவர் பக்கம் தாவுவது. இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டுமா? ‘கூட்டணி’. பிரித்தால் கூட்டு, அணி. அணிகளின் கூட்டு என்று எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. தேர்தல் நினைவு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். வரட்டும், பொருள் இன்னும் தெளிவாகும்.

‘ரெக்ரூட்’டுக்கு, அதாவது அணிக்குப் புதிதாகச் சேர்க்கப்படுபவருக்கு, ‘வரவு’ போதும். ஆட்சேர்ப்பு என்றால் படையும் உத்தியோகமும் நினைவுக்கு வருகின்றன. பள்ளியிலிருந்து வருபவர் முதலாண்டு வரவு, வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர் மாற்று வரவு. அணியை விட்டுப் போகிறவர்களைச் ‘செலவு’ என்று எழுத ஆசைதான். செல் என்பதிலிருந்து வந்த செலவுக்குப் பழந்தமிழில் புறப்பட்டுப் போதல் என்றே பொருள். பயிற்றுநரின் வரவு செலவுக் கணக்கு என்று ஒரு தலைப்பு கைக்கு வந்தது, இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

வரவிலும் இரண்டு படி உண்டு. ‘இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன்’ என்று வாயால் சொல்வது ஒன்று, கையெழுத்துப் போடுவது இன்னொன்று. முதலாவது பூ வைத்த மாதிரி. தாலி ஏறும்வரை பையன் மனம் மாறலாம், மாறவும் செய்கிறார்கள். ‘வாக்குக் கொடுத்தவர்’, ‘கையெழுத்திட்டவர்’ என்று நேராகவே எழுதிவிடலாம். இதற்கெல்லாம் புதுச்சொல் உண்டாக்கினால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

* * *

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருநெல்வேலி)

தம்பி, நலம்தானே. கூட்டணி நன்றாக இருக்கிறது. பந்தோட்டியை மட்டும் ஒரு தடவை வாய்விட்டு வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘பந்’ என்று முடித்து ‘தோட்டி’ என்றுதான் விழும். அச்சிலும் வரி மடங்கும்போது ‘பந்’ மேலே நிற்கும், மீதி கீழே வரும். யானைப் பாகன் கையில் இருப்பதும் தோட்டிதான் என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். எங்கள் தெருவில் அந்தச் சொல்லால் யாரைக் கூப்பிட்டார்கள், என்ன குரலில் கூப்பிட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை ‘நான் பந்தோட்டி’ என்று சொல்ல, பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். அதற்கு நாம் வழி செய்ய வேண்டாம்.

* * *

மறுமொழி (பெண்கள் அணிப் பயிற்றுநர், கோவை)

சார், டீச்சர் சொல்வது சரி. என் பக்கத்திலிருந்து இன்னொரு சங்கதி. கோர்ட்டில் நின்று கத்துகிறவளுக்கு நீளமான சொல் எதுவும் உதவாது. நாங்கள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணைத்தான் சொல்கிறோம். பாயிண்ட் கார்டு என்றால் ‘ஒன்னு’. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

* * *

டீச்சருக்கு முதலில் நன்றி. நான் அந்தச் சொல்லை நூறு தடவை எழுதியிருப்பேன், ஒரு தடவைகூட உரக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. பந்தோட்டி இன்றோடு போயிற்று.

கோவை மேடத்துக்கு: கோர்ட்டில் ‘ஒன்னு’ பிரமாதம். பட்டியலில்தான் சிக்கல். ‘கூட்டணியின் முதலிடத்து ஒன்று டியூக்குக்கு வருகிறார், இரண்டாமிடத்து ஒன்று வட கரோலைனாவுக்கு.’ எனக்கே தலை சுற்றுகிறது.

டீச்சர் மடலைப் படித்ததும் எங்கள் பள்ளியின் சிமெண்ட் தரை ஞாபகம் வந்தது. பி.டி. மாஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘பாயிண்ட்’ என்பார். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே வலது கையில் இரண்டு விரல் காட்டுவேன். இரண்டு விரல் என்றால், எங்கள் அணியின் நெட்டையன் மேலே ஏறி வந்து, என்னை மறித்து நிற்பவனுக்குக் குறுக்கே தூண் மாதிரி நிற்க வேண்டும். அவன் ரசிகர் பக்கம் பார்த்துக்கொண்டு விரலைக் கவனிக்காமல் விட்டுவிடுவான். மாஸ்டர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திட்டுவார், அவனை இல்லை. ‘அவன் பாக்கலேன்னா நீ ஏண்டா கிளம்புன?’

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது பார்த்தால், அந்த இடத்தின் வேலையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பாயிண்ட் கார்டு பந்தை ஓட்டுவதில்லை. மற்ற நான்கு பேரை ஓட்டுகிறார். ஆகவே ‘அணியோட்டி’. யகரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதால் உச்சரிப்பில் வேறு எந்தச் சொல்லும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை சமையலறையில் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், மனைவியும் மகளும் சாட்சி. அணித்தலைவரோடு குழம்புமோ என்று யோசித்தேன். குழம்பாது. தலைவர் என்பது பட்டம், அணியோட்டி என்பது வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பத்திக்குள் வைத்துப் பார்த்தது இது:

‘2014-இல் அட்லாண்டிக் கடலோரக் கூட்டணிக்கு வந்த அணியோட்டி வரவுகளில் முதலிடம் டியூக்கின் டையஸ் ஜோன்ஸுக்கு. மினசோட்டாவின் ஆப்பிள் வேலியிலிருந்து வருகிறார். மூத்தவர் குவின் குக் பந்தை இவர் கையில் கொடுத்துவிட்டு ஓரத்துக்கு நகர்வதால், முதல் நாளே நாற்காலி காலி. அடுத்த இடம் வட கரோலைனாவின் ஜோயல் பெர்ரிக்கு. ஃபுளோரிடாக்காரர், திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே மார்கஸ் பெய்ஜ் உட்கார்ந்திருக்கிறார்.’

சொற்கள் உறுத்தவில்லை என்று நினைக்கிறேன். நாடு தழுவிய பட்டியலுக்கும் கூட்டணிப் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசமும் இந்தப் பத்தியில் தெரிகிறது. அங்கே திறமையை மட்டும் எடை போடுவார்கள். இங்கே காலி நாற்காலியையும் எண்ண வேண்டும். எதிரிகள் யார், யாருடைய இடம் காலி என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த வட்டம் இது.

பின்னால் என்ன நடந்தது என்பது கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரலில் நாடு தழுவிய கல்லூரிப் போட்டியில் விஸ்கான்சினை 68-63 என்று டியூக் வென்ற இறுதி ஆட்டத்தில் ஜோன்ஸ் எடுத்தது 23 புள்ளி, அதில் 19 இரண்டாம் பாதியில். இறுதிக்கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. பெர்ரி முதலாண்டில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 2017 இறுதி ஆட்டத்தில் இரண்டு கணுக்காலும் சுளுக்கிய நிலையில் கொன்சாகா பல்கலைக்கழகத்துக்கு எதிராக 22 புள்ளி எடுத்தார். வட கரோலைனா 71-65 என்று வென்றது. அதே விருது இப்போது இவருக்கு. ஒரே கூட்டணி, ஒரே ஆண்டின் வரவுகள். பட்டியல் போட்டவர் தப்பாகப் போடவில்லை. அவர் போட்டது வந்த அன்றைய வரிசை. ‘வரவுத் தரவரிசை’ என்று எழுதினால் அந்த ‘வந்த அன்று’ சொல்லிலேயே இருக்கிறது. இதற்காகவே வரவை விட எனக்கு மனமில்லை.

‘அசிஸ்ட்’டுக்கு, அதாவது இன்னொருவர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்து உதவுவதற்குக் ‘கைமாற்று’ என்று தனிமடல் போட்ட அண்ணனுக்கு: அண்ணே, கைமாற்று என்றதும் எனக்கு வட்டியில்லாக் கடன்தான் ஞாபகம் வருகிறது. வேறு பார்ப்போம்.

பந்தை எதிரணியிடம் விட்டுவிடும் ‘டர்ன் ஓவர்’க்குப் ‘பந்திழப்பு’ என்று போட்டிருக்கிறேன். உரக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.