பொருள்: மறு: தண்ணீர் இழுக்காத தொட்டிக்கலவை: என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

காய்ந்தபின் தண்ணீரை உள்ளே விடாத 'ஹைட்ரோபோபிக்' மண்ணுக்கு 'நீர்வெறுப்பு மண்' என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். வேதியியல் பாடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும், தோட்டக் கையேட்டுக்கு வேண்டாம். வெறிநாய்க்கடி நோயில் தண்ணீரைக் கண்டு மிரளும் அறிகுறிக்கும் அந்தப் பெயரைச் சொல்கிறோம். 'நீர்விலக்கி' என்றால் மேலே பூசும் மருந்து மாதிரி இருக்கிறது. 'நீர்புகா' மழைக்கோட்டுக்குப் போய்விட்டது.

பெயருக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம். வெயிலும் வறண்ட காற்றும் உள்ள இடத்தில், தொட்டியில் நிற்கும் ரோஸ்மேரிக்கோ செம்பருத்திக்கோ இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் போதும். கலவை சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். சுற்றிலும் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு தெரியும். ஊற்றும் தண்ணீர் மேலே முத்து முத்தாக நிற்கும், அப்புறம் அந்தப் பிளவில் இறங்கி அடித்துளை வழியாக ஓடிவிடும். தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து, செடி வயிறு நிறையக் குடித்தது என்று நாம் போய்விடுவோம். நடுவில் குச்சியைக் குத்தினால் தூள்தான் வரும்.

இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மட்கும் பொருளிலிருந்து வரும் மெழுகு போன்ற பூச்சு துகள்கள் மேல் படிந்து, காய்ந்ததும் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்வது. பீட் பாசி (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய பாசி) இதில் மோசம். தென்னை நார்க்கழிவு சீக்கிரம் மறுபடி நனையும். இன்னொன்று, சுவரோரப் பிளவு. களிமண் கலந்த கலவை நன்றாகத் தண்ணீர் இழுக்கும், ஆனாலும் சுருங்கிப் பிளவு விடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போடக்கூடாது.

பல்லாண்டுச் செடிகளுக்கு இது ஏன் அதிகம் என்றால், ஓராண்டுச் செடியின் கலவையைப் பருவம் முடிந்ததும் கொட்டிவிடுகிறோம். இவற்றுக்கு அதே கலவை வருடக்கணக்கில் கிடந்து மட்கி, வேர் அடைத்து, ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து காய்ந்து நனைகிறது.

என் பரிந்துரை: முதலாவதற்கு 'நீர்மறுப்பு', இரண்டாவதற்கு 'விளிம்புப் பிளவு'. வெறுப்பு என்றால் அது பொருளின் நிரந்தர குணம் மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே அப்படி இல்லை. தொட்டியைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி அடங்கும் வரை விட்டால் அதே கலவை மறுபடி குடிக்கும். மறுத்தவர் மனம் மாறலாம் அல்லவா? வினையாகவும் எளிதில் வரும்: 'கலவை நீர்மறுக்கிறது', 'நீர்மறுத்த தொட்டி'. தண்ணீர் துகளில் ஒட்டுவதற்காகக் கலவையில் சேர்க்கும் 'வெட்டிங் ஏஜென்ட்'டுக்கு 'நனைப்பான்' என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

---

மறுமொழி:

ஐயா, 'விளிம்புப் பிளவு', 'நனைப்பான்' இரண்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'நீர்மறுப்பு' என்றதும் எனக்கு உண்ணாவிரதப் பந்தல்தான் கண்ணில் வந்தது! 'நனையாமை' போடலாமா என்று யோசித்தேன். முயலாமையைப் பிரித்துச் சிரித்த தலைமுறை இதிலும் ஓர் ஆமையைப் பிடித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். மண்ணியலில் காய்ந்த மண்ணின் மேல் ஒரு சொட்டு விட்டு, அது உள்ளே போக எத்தனை வினாடி என்று எண்ணுவார்கள். 5 வினாடிக்குள் போனால் நனையும் மண். 60 வரை ஆனால் மறுப்பு லேசானது, 600 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது, 3,600-ஐயும் தாண்டினால் உச்சம். இந்தப் படிநிலைகளை 'லேசான நீர்மறுப்பு', 'கடும் நீர்மறுப்பு' என்று சொன்னால் வாயில் நிற்கிறது. 'லேசான நீர்வெறுப்பு' சரியாக வரவில்லை. சோதனைக்குப் பெயர் 'சொட்டு நேரம்' என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு திருத்தம்: கையேட்டில் இந்தச் சொல்லைப் பதியும்போது 'தண்ணீர் இழுக்காத மண்' என்ற பேச்சுவழக்கையும் பக்கத்திலேயே போடுங்கள். தேடுபவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.