டயட் கிராணிக்குக் குறும்புப் பரிசு, 30 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்)

செம்பனைத்தம்பி, சுங்கை சிப்புட்:
எங்கள் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி (தலைமை குமாஸ்தா) மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். திங்கட்கிழமை டயட், புதன்கிழமை ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) என்று தன்னைத்தானே கிண்டலடிப்பவர். ஐஸ்பெட்டியைத் திறந்தால் பன்றி உறுமுமே, அந்தப் பொம்மை சரிவருமா?

ஒயர்மேன்:
வேலை செய்யும் தம்பி. ஆனால் பன்றி வேண்டாம், ஆபீஸில் முஸ்லிம்களான மலாய்க்காரர்களும் இருப்பார்கள். மாடு, தவளை சத்தம் போடுவது பாருங்கள்.

உள்ளே இருப்பது வெளிச்ச சென்சார். கதவு திறந்து பல்பு எரிந்தால் கத்தும். அதனால் மேல்தட்டில், பல்புக்கு நேராக வைக்கணும். சட்டிக்குப் பின்னால் போனால் ஊமைதான். பல்பு ஃபியூஸ் போன பெட்டியென்றால் நடுராத்திரித் தீனி தப்பித்துவிடும். கண்ணாடிக் கதவுப் பெட்டிக்கு லாயக்கே இல்லை.

குளிரில் சாதா பேட்டரி சீக்கிரம் தளர்ந்து குரல் இழுக்கும். அல்கலைன் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே வேர்த்து பேட்டரி முனை பூத்துவிடும், அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு இருந்தால் பரிசைப் பிரிக்கும்வரை உருவாதீர்கள். இல்லாவிட்டால் பைக்குள்ளேயே கத்தி மானத்தை வாங்கும்.

தையல்கடை அக்கா:
செலவே இல்லாத யோசனை ஒன்று: பொய் டேப். தையல் டேப்பை 20 செண்டிமீட்டராக 6 துண்டு, 110 சதவீதம் பெரிதாக்கி போட்டோஸ்டாட் எடுங்கள். ஒவ்வொன்றும் 22 செண்டிமீட்டர் வரும், ஏ4 தாளில் அடங்கும். கோட்டுக்குக் கோடு பொருத்தி ஒட்டி, இருபக்கமும் செல்லோடேப் போடுங்கள். 100 செண்டிமீட்டர் இடுப்பு 91 என்று காட்டும்! 125 சதவீதம் வைத்தால் 80 ஆகும், எண்கள் பூதம்போல் தெரிந்து குட்டு உடைந்துவிடும். தாளுக்கேற்ப அளவைச் சரிசெய்யும் பொத்தானை மெஷினில் அணைக்கச் சொல்லுங்கள், அங்கேதான் கணக்கு கெடும்.

லயத்துவாசி:
காலி விட்டமின் புட்டியில் மிட்டாய் போட்டு, ‘ரொட்டி சானாய் மறதி மாத்திரை, தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் டீ) குடித்தபின் ஒன்று’ என்று லேபிள் ஒட்டலாம். சர்க்கரை ஓடு போட்ட சாக்லேட்தான் சரி. வெறும் சாக்லேட் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதை விட்டுவிடுங்கள், நிஜ மருந்தையும் மிட்டாய் என்று எடுத்துவிடுவார்கள். எடைத் தராசு மட்டும் வேண்டவே வேண்டாம். சபையில் ஏறச் சொன்னால் மனிதர் முகம் சுண்டிப்போகும்.

செம்பனைத்தம்பி:
மாடும் டேப்பும் முடிவு. மாடு எங்கே கிடைக்கும்?

ஒயர்மேன்:
ஆன்லைனில்தான். சீனாவிலிருந்து வருவதை எடுத்தால் மாதக் கடைசியைத் தாண்டிவிடலாம், உள்நாட்டில் ஸ்டாக் வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். வந்ததும் இருட்டு அலமாரியில் வைத்து டார்ச் அடித்துச் சோதியுங்கள்.