குளிசையை வாழைப்பழத்துக்குள்ள ஒளிச்சுக் குடுக்கலாமா?

வாட்டுமிஸி:
கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். என்ட வாட்டில 74 வயது ஐயா ஒருத்தர், மன்னாரில இருந்து கொட்டாஞ்சேனை மகள் வீட்டுக்கு வந்தவர். இருதய வருத்தம், ரெண்டு காலும் வீக்கம். நாலு நாளா தண்ணிக் குளிசையை, உடம்பில தேங்கின தண்ணியைச் சலமா இறக்கிற குளிசையை, துப்புறார். மகள் கோழிக்கூட்டுப் பழம் கொண்டுவந்து, "மிஸி, இதுக்குள்ள வைச்சுக் குடுங்கோ, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" எண்டா. மாட்டன் எண்டன். அழுதுகொண்டு போனா. நான் செய்தது பிழையா?

வெள்ளவத்தை மகள்:
பிழைதான். உங்களுக்கு டியூட்டி முடிஞ்சா வீட்ட போகலாம், நாங்கள் எங்க போறது? என்ட அம்மாவுக்கு மறதி வருத்தம். ரெண்டு வருசமா எல்லாக் குளிசையையும் ஒண்டா இடிச்சுக் கஞ்சிக்குள்ள போட்டுத்தான் குடுக்கிறன். அப்பிடிக் குடுத்தும் போன மாசம் ரெண்டு தரம் தலை சுத்தி விழுந்தவ. குடுக்காம விட்டிருந்தா? குழந்தைக்குத் தேனில குழைச்சுக் குடுக்கேக்க ஆரும் அனுமதி கேக்கிறதோ?

லண்டன் தாதி:
தங்கச்சி, அந்த ஐயா குழந்தை இல்லை. இங்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. முடிவெடுக்கிற ஆற்றல் ஆளுக்கு இருக்கெண்டுதான் முதல்ல எடுக்கவேணும். எடுத்த முடிவு மடத்தனமா இருந்தாலும், அதை வைச்சு ஆற்றல் இல்லையெண்டு சொல்லேலாது. ஒளிச்சுக் குடுக்கிறது ஆற்றல் இல்லாத ஆளுக்குத்தான், அதுவும் டொக்டர், மருந்தாளர், குடும்பம் எல்லாரும் கதைச்சு எழுதி வைச்ச பிறகு.

கொட்டாஞ்சேனையான்:
லண்டன் சட்டம் லண்டனில இருக்கட்டும். இங்க ஒரு மிஸிக்கு எத்தனை கட்டில் தெரியுமா? கூடிக் கதைக்க ஆருக்கு நேரம்? நோயாளிட நன்மை எண்டா முதல்ல உயிர்.

வாட்டுமிஸி:
நேரம் இல்லைதான். எண்டாலும் நேற்று இராத்திரி கட்டிலடியில இருந்து கேட்டன்: "ஏன் ஐயா துப்புறீங்க?" கனநேரம் வாய் திறக்கேல்ல. பிறகு மெல்லமாச் சொன்னார். குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள சலம் முட்டுதாம். கக்கூஸ் வாட்டின்ட மற்றத் தொங்கல்ல. முதல் நாளே பாதி வழியில சாரம் நனைஞ்சு போச்சாம். சலப் போத்தல் கேக்கச் சிங்களம் வராது, சைகையில கேக்க வெட்கம். சார்ட்டில நாங்கள் எழுதி வைச்சது "மருந்தை மறுக்கிறார்" எண்டு.
டொக்டரோட கதைச்சு நேரத்தைக் காலமை ஆறு மணிக்கு மாத்தினம். கட்டிலடியில போத்தல், சுத்தித் திரை. இண்டைக்குத் தானே கையில வாங்கிப் போட்டார்.

கொட்டாஞ்சேனையான்:
அப்ப உங்களுக்குத் தமிழ் தெரிஞ்சபடியா தப்பினார். நீங்கள் லீவு போட்டால்?

வாட்டுமிஸி:
அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

வெள்ளவத்தை மகள்:
உங்கட ஐயா கேட்டாச் சொல்லுவார். என்ட அம்மாவுக்கு நான் ஆரெண்டே தெரியாது.

பாமசிக்காரன்:
அக்கா, உங்கட விசயம் வேற, குறை சொல்லேல்ல. ஆனா எல்லாத்தையும் இடிக்கக் கூடாது. மெல்ல மெல்லக் கரையிற மாதிரிச் செய்த குளிசையை இடிச்சா, நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து ஒரேயடியா இறங்கும். பெட்டியில பேருக்குப் பின்னால எஸ்.ஆர். எண்டு கிடக்கா பாருங்கோ.

வெள்ளவத்தை மகள்:
பிரஷர் குளிசையில கிடக்கு. நிஃபெடிபின் எஸ்.ஆர்.

பாமசிக்காரன்:
அது ஒரேயடியா இறங்கினா பிரஷர் சட்டெண்டு விழுந்து தலை சுத்தலாம். இனி அதை இடிக்காதேங்கோ. டொக்டருக்கு இப்பவே கோல் எடுத்து, இடிச்சுக் குடுத்ததையும் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் அம்மாவைத் தனிய எழும்ப விடாதேங்கோ.