மறுமொழி: ‘லுக்-பேக் பீரியட்’ தமிழில் என்ன?

> ‘பின்னோக்குக் காலம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

அரசு உதவி கேட்பவர் முன்பு யாருக்கு என்ன கொடுத்தார் என்று அதிகாரிகள் திரும்பிப் பார்க்கும் காலம்தான் ‘லுக்-பேக் பீரியட்’. அதற்குப் ‘பின்னோக்குக் காலம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார், எதைப் பார்க்கிறார்கள் என்பது சொல்லில் இல்லையே. இந்த இழையில் அடுத்து வந்த ‘பின்னாய்வு’ என்ற சொல் இன்னும் சிக்கல்: தமிழில் ‘பின்’ முதுகுப் பக்கத்தையும் காட்டும், நாளையையும் காட்டும்.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லச் செலவுக்கு மெடிக்கெய்டு (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) உதவி கேட்டால், பெரும்பாலான மாநிலங்களில் முந்தைய 60 மாதக் கணக்குவழக்கைக் கிளறுவார்கள். மகள் வீடு வாங்கக் கொடுத்த முன்பணம், பேரனுக்குக் கட்டிய கல்லூரிக் கட்டணம் எல்லாம் கேள்விக்கு வரும். மகனுக்குப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்த வீடும்தான். ஆகவே ‘கொடை ஆய்வு’ என்ற சொல்லும் போதாது. போதாக்குறைக்கு, கொடை என்றதும் கொடை வரி நினைவுக்கு வரும். 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை கொடுத்தால் வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டாம். மெடிக்கெய்டுக்கு அந்தச் சலுகை பொருட்டே இல்லை. இதற்குக் ‘கைமாற்றம்’ என்ற சொல்லைச் சொன்ன நண்பருக்கு: எங்கள் ஊரில் கைமாற்று என்றால் திருப்பித் தரவேண்டிய சில்லறைக் கடன்!

நான் சொல்வது: சொத்துமாற்ற ஆய்வுக் காலம்.

அப்புறம், ‘பெனால்டி பீரியட்’, அதாவது அப்படிக் கொடுத்ததற்காக உதவி கிடைக்காத காலம். தண்டனைக் காலம் வேண்டாமே, ஜெயில் வாடை அடிக்கிறது. உதவி கேட்பவர் அந்த 60 மாதத்துக்குள் 60,000 டாலர் கொடுத்திருக்கிறார், அந்த மாநிலம் கணக்கில் கொள்ளும் சராசரி இல்லக் கட்டணம் மாதம் 10,000 என்றால், ஆறு மாதம் உதவி கிடையாது. அவ்வளவுதான். வயிற்றில் அடிப்பது, அந்த ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது என்பது. முன்பு பணம் கொடுத்த காலத்திலிருந்து எண்ணினார்கள். 2006இல் கையெழுத்தான சட்டம் அதை மாற்றியது. இல்லத்தில் சேர்ந்து, கையிருப்பு கரைந்து (பல மாநிலங்களில் 2,000 டாலருக்குள்), விண்ணப்பமும் போட்டு, மற்ற எல்லாத் தகுதியும் வந்த பிறகுதான் எண்ணிக்கையே தொடங்கும். கையில் காசு தீர்ந்த நேரம் பார்த்து! அதனால் ‘உதவி தொடங்காக் காலம்’ என்கிறேன். நீளம் என்றால் ‘உதவியிலாக் காலம்’.

இன்னொன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா இல்லத்தில் சேர்வதற்கு முன் இரண்டு ஆண்டாவது அவர் வீட்டிலேயே தங்கி, இல்லத்துக்குப் போகாதபடி பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த வீட்டை எழுதிவைத்தால் இந்த உதவி மறுப்பு வராது. அந்தப் பிள்ளையை ‘பராமரிப்புப் பிள்ளை’ என்றால், யாரோ எடுத்து வளர்க்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் உண்டா?